டிராவா, டையா? சேப்பாக்கத்தில் மிச்சமிருந்த ஒரு பந்து

பழைய குறிப்பேடு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் என் கையெழுத்திலேயே ஒரு வரி: "1986 சென்னை டெஸ்ட், இந்தியா-ஆஸ்திரேலியா, டிரா." படித்ததும் பகீரென்றது. அந்த ஆட்டம் டிரா இல்லை, டை. "ரெண்டும் ஒண்ணுதானே, யாரும் ஜெயிக்கலை, அவ்வளவுதான்" என்று நீங்கள் கேட்கலாம். அந்த மேட்சைப் பொறுத்தவரை ரெண்டும் ஒன்றில்லை. அது டிராவாக இருந்திருந்தால் இன்றைக்கு யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

முதலில் சொற்களைப் பார்த்துவிடலாம். டை என்றால் முடிச்சு, கட்டு. இரண்டு பக்கமும் ஒரே அளவில் சேர்த்துக் கட்டப்பட்டு நிற்கின்றன. டிரா என்ற சொல்லுக்கு, பந்தயம் கட்டிய இருவரும் பணத்தை எடுத்துக்கொண்டு விலகிப்போவதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. அந்த விளக்கம் சரியோ தப்போ, கிரிக்கெட்டில் இரண்டு சொல்லும் இன்றைக்கும் அப்படித்தான் நடந்துகொள்கின்றன. டை என்றால் ஆட்டம் முழுசாக ஆடி முடிக்கப்பட்டு, கணக்கு சரிசமமாக வந்து நிற்கிறது. டிரா என்றால் கணக்கு முடியவே இல்லை, அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

கிரிக்கெட் விதியும் இதைத்தான் சொல்கிறது. எல்லா இன்னிங்ஸும் முடிந்து, ஓட்டங்கள் சமமாக இருந்தால் மட்டுமே டை. வெற்றி, தோல்வி, டை என எதிலும் அடங்காமல் ஆட்டம் முடிந்தால் அது டிரா. மிச்சம் மீதியைப் போட்டுவைக்கும் பெட்டி மாதிரி. 'முடிந்து' என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. கடைசியாக ஆடும் அணி ஆல் அவுட் ஆகியிருக்க வேண்டும். ஒரு விக்கெட் பாக்கி இருந்தாலும், ஓட்டங்கள் சமமாகவே இருந்தாலும், நேரம் முடிந்தால் அது டிராதான்.

இப்போது சேப்பாக்கத்துக்கு வருவோம். 1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை. ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 7 விக்கெட்டுக்கு 574 எடுத்து டிக்ளேர் செய்தது. சென்னை வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே டீன் ஜோன்ஸ் அடித்த 210 அதில்தான். இந்தியா 397, அதில் கபில்தேவ் 119. ஆஸ்திரேலியா மறுபடி 5 விக்கெட்டுக்கு 170 எடுத்து டிக்ளேர் செய்ய, கடைசி நாளில் இந்தியாவுக்கு இலக்கு 348. கவாஸ்கர் 90 அடித்தார். கடைசி ஓவர் வரும்போது 4 ஓட்டம் வேண்டும், கையில் ஒரே ஒரு விக்கெட்.

பந்து வீசியது கிரெக் மேத்யூஸ். ரவி சாஸ்திரி முதலில் 2 ஓட்டம், பிறகு மூன்றாவது பந்தில் 1 ஓட்டம் எடுத்தார். ஸ்கோர் 347, சமம். அந்த ஒற்றை ஓட்டத்தோடு இந்தியாவுக்குத் தோல்வி கிடையாது என்பது உறுதியாகிவிட்டது. ஆனால் மட்டை பிடிக்க வேண்டியது இப்போது பதினோராவது ஆட்டக்காரர் மணீந்தர் சிங். நான்காவது பந்தைத் தடுத்துவிட்டார். ஐந்தாவது பந்தில் எல்.பி.டபிள்யூ. கை தூக்கியவர் நடுவர் விக்ரம்ராஜு. சாஸ்திரி மறுமுனையில் 48 ஓட்டத்தோடு ஆட்டமிழக்காமல் நின்றார்.

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஓவரில் இன்னும் ஒரு பந்து பாக்கி இருந்தது. நடுவர் கையைத் தூக்காமல் இருந்து, கடைசிப் பந்தையும் மணீந்தர் தடுத்திருந்தால்? ஸ்கோர் அதே 347, அதே சமம். ஆனால் ஒரு விக்கெட் மிச்சம். அதனால் டிரா. ஓட்டக் கணக்கில் ஒரு எண் கூட மாறியிருக்காது, சொல் மட்டும் மாறியிருக்கும். பந்து மட்டையில் பட்டது என்று மணீந்தர் பின்னாளில் சொல்லிவந்தார். விக்ரம்ராஜு தன் தீர்ப்பிலிருந்து விலகவில்லை. அதற்குப் பிறகு அவர் டெஸ்ட் ஆட்டம் எதிலும் நடுவராக நிற்கவுமில்லை. டிராவுக்கும் டைக்கும் நடுவே ஒரு மனிதரின் விரல் இருந்தது.

இதற்கு முந்தைய ஒரே டை டெஸ்ட் 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில் நடந்தது. ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய ஆட்டம். அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவில் ஓவருக்கு 8 பந்து. வெஸ் ஹால் வீசிய கடைசி ஓவரின் ஏழாவது பந்தில் ஜோ சாலமன் பக்கவாட்டிலிருந்து எறிந்து ஸ்டம்பைச் சாய்க்க, இயன் மெக்கிஃப் ரன் அவுட். அங்கேயும் ஸ்கோர் சமமான பிறகுதான் கடைசி விக்கெட் விழுந்தது. அங்கேயும் ஒரே ஒரு பந்து மிச்சம். ஆண்கள் டெஸ்ட் வரலாற்றில் 2500க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் டை ஆனவை இந்த இரண்டுதான். டிராக்களோ நூற்றுக்கணக்கில்.

எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. 1996 டிசம்பரில் புலவாயோவில் ஜிம்பாப்வேக்கு எதிராக இங்கிலாந்துக்கு இலக்கு 205. 6 விக்கெட்டுக்கு 204 எடுத்த நிலையில் ஆட்டம் முடிந்தது. ஓட்டங்கள் சமம், ஆனால் டிரா. 2011 நவம்பரில் மும்பையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக இந்தியாவுக்குக் கடைசிப் பந்தில் 2 ஓட்டம் வேண்டும். நம்ம சென்னை அஸ்வின் ஒரு ஓட்டம் எடுத்து, இரண்டாவதுக்கு ஓடி ரன் அவுட் ஆனார். 9 விக்கெட்டுக்கு 242, சமம். பத்தாவது விக்கெட் விழவில்லை என்பதால் அதுவும் டிரா. முதல் இன்னிங்ஸில் சதமடித்து, ஆட்டத்தில் 9 விக்கெட்டும் எடுத்தவர் அவர்.

இந்த விதியும் ஆதிகாலத்திலிருந்து இருப்பதல்ல என்பது வேடிக்கை. 1948க்கு முன்னால், விக்கெட் மிச்சமிருந்தாலும் ஓட்டங்கள் சமமாக இருந்தால் டை என்று பதிவுசெய்யும் வழக்கம் இருந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் புலவாயோவும் மும்பையும் டை ஆகியிருக்கும். ஆக, எது சரியான ஆங்கிலம் என்ற கேள்விக்கு அகராதியை மட்டும் பார்த்தால் போதாது. எந்த வருஷத்து விதி என்றும் பார்க்க வேண்டும்.

எந்த ஆட்டம் என்பதும் முக்கியம். கால்பந்தில் 2-2 என்று முழு நேரமும் ஆடி முடித்தாலும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அது டிரா. அதையே அமெரிக்கர் டை என்பார். பிரிட்டனில் கோப்பைப் போட்டிகளில் டை என்றால் அந்த மேட்சே. டேவிஸ் கோப்பை டென்னிஸிலும் இரண்டு நாடுகள் மோதும் மொத்தத் தொகுப்புக்குப் பெயர் டை. அதில் ஜெயிப்பவர் ஒருவர் நிச்சயம் உண்டு. சதுரங்கத்தில் டிரா உண்டு. ஸ்டேல்மேட் அதில் ஒரு வகை மட்டுமே. எல்லா டிராவும் ஸ்டேல்மேட் ஆகாது. ஒருநாள் கிரிக்கெட்டில் விக்கெட் கணக்கே வேண்டாம், ஓட்டங்கள் சமமென்றால் டைதான். 2019 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இரு அணியும் 241, சூப்பர் ஓவரிலும் இருவரும் 15. பவுண்டரி எண்ணிக்கையை வைத்துக் கோப்பையை இங்கிலாந்துக்குக் கொடுத்தார்கள். பதிவேட்டில் அது இன்றும் டை.

தமிழில் நாம் எல்லாவற்றுக்கும் 'சமன்', 'சமநிலை' என்று எழுதிவிடுகிறோம். டைக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். டிராவுக்குப் பொருந்தாது. ஐந்து நாள் மழை பெய்து பாதி ஆட்டம் கூட நடக்காத டெஸ்டில் என்ன சமன்? அதற்கு 'வெற்றி தோல்வியின்றி முடிந்தது' என்பதே நேர்மையான தமிழ். நீளம்தான், ஆனால் பொய் சொல்லாது.

குறிப்பேட்டில் அந்த வரியை அடித்துத் திருத்திவிட்டேன். 'டிரா' என்பதற்கு மேலே 'டை, ஒரு பந்து மிச்சம்' என்று எழுதியிருக்கிறேன்.