சுரங்கத் தொழிலாளர் கண்ட நூல்நிலையம்

நூல்நிலையம் என்றதும் தூண்களும் அகன்ற படிக்கட்டுகளும் வாய்ந்த மாளிகையொன்றையே நாம் மனக்கண்முன் கொணர்கிறோம். ஸ்கொத்லாந்தின் தென்பகுதி மலைகளிடையே, ஏறக்குறைய 1,300 அடி உயரத்தில் அமைந்த லெட்ஹில்ஸ் என்னும் சிற்றூரில் அத்தகைய கோலம் எதுவும் இல்லை. ஊர் வீடுகளோடு வீடாக நிற்கும் தாழ்ந்த ஒற்றைத்தளக் கட்டிடம். உள்ளே சுவரோரமெங்கும் புத்தக அலுமாரிகள். இருந்தும், பிரித்தானியாவில் சந்தா செலுத்தி நூல் பெறும் நிலையங்களுள் மிகப் பழையது இதுவே எனக் கூறுவர்.

1741ஆம் ஆண்டு நவம்பரில் இதனைத் தோற்றுவித்தோர் இருபத்து மூவர். ஊர்க்குருவும் பள்ளியாசிரியரும் நீங்கலாக, ஏனைய இருபத்தொருவரும் ஈயச் சுரங்கத் தொழிலாளரே. தம் கூலியிலிருந்து சந்தா கட்டி நூல் வாங்கினர். 1756இல் அயலூரான வொன்லொக்ஹெட்டின் சுரங்கத் தொழிலாளரும் தமக்கென ஒரு நூல்நிலையம் கண்டனர்.

நிலத்தடியில் உழைப்பவனுக்கு நூலில் நாட்டம் எவ்வாறு வந்தது என வியப்போர் உளர். நாட்டம் எங்கும் உண்டு, நேரமே இல்லை. லெட்ஹில்ஸ் சுரங்கத்தை அக்காலத்தில் நிருவகித்தவர் ஜேம்ஸ் ஸ்டேர்லிங் என்னும் கணித மேதை. அவர் காலத்தில் நிலத்தடி வேலை நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாயிற்று. வீடு கட்டவும் தோட்டஞ் செய்யவும் தொழிலாளருக்கு இடம் அளிக்கப்பட்டது. ஈயத்தின் நஞ்சு உடலை அரிக்கும் தொழிலில் நீண்ட வேலைநேரம் முதலாளிக்கும் நட்டமே. ஆதலின் இதனை வெறுங் கருணையென்று நாம் கொள்ளமாட்டோம். ஆனால் எஞ்சிய பொழுதைத் தொழிலாளர் எதற்குச் செலவிட்டனர் என்பதே நாம் கருதத்தக்கது.

1803இல் கவிஞர் வேர்ட்ஸ்வேர்த்தின் தங்கை டொறத்தி, தமையனோடும் கோல்ரிட்ஜோடும் அம்மலைவழி சென்றார். எதிர்ப்பட்ட தொழிலாளி ஒருவர் தம்மூர் நூல்நிலையத்தைப் பற்றிச் சொல்ல, ஷேக்ஸ்பியர் உண்டா என வியப்போடு வினவினர். உண்டு என்றார் அவர். வியந்தவர் பயணிகளேயன்றித் தொழிலாளி அல்லர்.

சுரங்கங்கள் இருபதாம் நூற்றாண்டில் ஓய்ந்தன, நூல்கள் எஞ்சின. இந்நூல்நிலையத்துக்கு அவ்வூரிற் பிறந்த கவிஞர் அலன் றம்ஸேயின் பெயரை இட்டு வழங்குகின்றனர். அவரோ 1741க்கு நெடுநாள் முன்னரே எடின்பரோவிற் குடியேறி, அங்கு புத்தகக் கடை நடத்தியவர். சந்தா கட்டிய இருபத்தொருவரின் பெயரால் அதனை எவரும் அழைப்பதில்லை.