வாடைக் காலத்தில் தீவுகள் எதை விளையாடின?

 

கார்த்திகை, மார்கழி வந்தால் நாங்கள் தீவார் பழையபடி தீவாராகி விடுகிறோம். கடல் கொந்தளித்தால் குறிகட்டுவானில் படகு கட்டிக் கிடக்கும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போக இருந்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு திரும்புவார்கள். பள்ளிக்கூடத்தில் பாதி வாங்கு வெறுமையாக இருக்கும். வந்த பிள்ளைகளிடம் "வீட்டில் அடைபட்டுக் கிடக்கும்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: போன். சார்ஜ் போனால்? பதில் இல்லை. அந்தப் பதில் இல்லாத இடத்தில் முந்தி என்ன இருந்தது என்பதைத்தான் எழுத வந்தோம்.

குளிர் என்று வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் சொல்வது வேறு. எங்களுக்கு இருப்பது கூதல். யாழ்ப்பாணத்தில் மிகக் குளிர்ந்த மாதங்களிலும் வெப்பமானி இருபதுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆனால் வடகிழக்கில் இருந்து வாடை அடித்து, மழைச் சாரல் விறாந்தை வரை வந்து, ஓலைக் கூரை ஊறிக் கனத்துப்போனால் அந்தக் கூதல் எலும்புக்குள் போகும். எங்கள் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரைதான். அந்த மாதங்களில் வள்ளம் கரையில் கிடக்கும், வலை பரணில் கிடக்கும். கையில் காசு குறைவு, நேரம் நிறைய. 1964 டிசெம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் எங்கள் வடபகுதியைக் கடந்துதான் அங்கே போனது. மார்கழிக் கடலுக்கு எங்கள் பெரியவர்கள் ஏன் பயந்தார்கள் என்பதற்கு அந்த ஒரு இரவு போதும்.

வீட்டுக்குள் முதலில் வெளியே வருவது பல்லாங்குழி. இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து என்றால் 70 புளியங்கொட்டை. பலகை இல்லாத வீட்டில் மண் தரையில் குழி கிண்டினால் போதும். ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுப் போய், கை முடிந்ததும் அடுத்த குழியை அள்ளுவது. அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்து, அதற்கு அப்பால் இருப்பதை எடுப்பது. நாலு சேர்ந்த குழி பசு. அது குழிக்கு உரியவருக்கு. கணக்குப் பாடத்தில் வகுத்தலை வெறுக்கும் பிள்ளை இங்கே பதினாலு குழியையும் கண்ணால் எண்ணி, எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே சொல்லும். ஆசிரியராக இருப்பவர்களுக்கு இதைப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாகவே இருக்கும்.

இந்த விளையாட்டு எங்களுடையது மட்டும் அல்ல. சிங்களச் சகோதரர்கள் புத்தாண்டுக்குக் குன்றிமணி போட்டு ஒலிந்த கெலிய விளையாடுகிறார்கள். மாலைதீவில் வரிசைக்கு எட்டுக் குழி. மலாயாவில் சொங்காக், அதன் பலகை பெரும்பாலும் தோணி வடிவில் இருக்கும். ஆபிரிக்கக் கிழக்குக் கரையில் பாவோ, அரபு நாடுகளில் மன்கலா. பட்டியலைப் படத்தில் குறித்துப் பாருங்கள். பாய்க்கப்பல்கள் பருவக்காற்றில் போய்வந்த பாதை அப்படியே தெரியும். யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார் என்று சண்டை பிடிப்பதில் பொருள் இல்லை. காற்று மாறும்வரை ஏதோ ஒரு துறையில் மாதக்கணக்கில் காத்திருந்த மாலுமிக்குக் கையில் வேலை வேண்டும், அவ்வளவுதான்.

அப்படிக் காத்திருந்த துறைகளில் ஒன்று எங்கள் ஊர்காவற்றுறை. இதற்குச் சான்று நயினாதீவிலேயே கல்லில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு அது. பிறநாட்டு வணிகர்கள் ஊராத்துறையில் வந்து தங்கவேண்டும், அவர்களுக்குக் காவல் உண்டு என்கிறது. கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்றும் சொல்கிறது: யானை, குதிரை ஏற்றி வந்த கப்பலானால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு, வணிகச் சரக்குக் கப்பலானால் ஆளுக்குப் பாதி. சிங்கள அரசன் ஒருவன் தமிழில் எழுதுவித்து, வேற்றுநாட்டு வணிகனின் பொருளைக் காப்பாற்றிய கல் எங்கள் தீவில் நிற்கிறது. இதைப் பிள்ளைகளுக்கு ஒரு தடவையாவது காட்டாமல் சுற்றுலா என்று கொழும்புக்குக் கூட்டிப்போவது எங்களுக்குப் பிடிப்பதில்லை.

தாயம் உருட்டும் சோகியும் கடல் வழி வந்ததுதான். இப்னு பதூதா மாலைதீவில் காழியாக இருந்தவர். அங்கே சோகியே காசு, ஒரு தங்கத் தீனாருக்கு 4 இலட்சம் சோகி, விலை விழுந்தால் 12 இலட்சமும் கொடுப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். 1344இல் அவர் இலங்கையில் இறங்கியபோது வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. இருவரும் பாரசீக மொழி வழியாகப் பேசிக்கொண்டார்கள் என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். ஒரு நாட்டின் பணம் இன்னொரு நாட்டுத் திண்ணையில் விளையாட்டுச் சாமான் ஆனது.

இங்கே எங்கள் வீடுகளில் எப்போதும் ஒரு வழக்கு இருந்தது. பகடையைக் கடுமையாகக் கண்டிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அதனால் தாயத்தைப் பார்த்தால் மூத்தவர்கள் முகம் சுளிப்பார்கள். பல்லாங்குழிக்கும் நாயும் புலியும் ஆட்டத்துக்கும் அந்தத் தடை இல்லை. அவற்றில் உருட்டுவது எதுவும் இல்லை. சதுரங்கம் நடுவில் நின்றது. நாங்கள் பின்பற்றும் இமாம் ஷாபிஈ அதை ஹராம் என்று சொல்லவில்லை, விரும்பத்தகாதது என்றார். பந்தயம் வைத்தாலோ தொழுகை தவறினாலோதான் நிலைமை மாறும். தாபிஈன்களில் ஒருவரான ஸயீத் இப்னு ஜுபைர் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சதுரங்கம் ஆடுவார் என்பது நூல்களில் வரும் செய்தி. ஆகவே இந்த விஷயத்தில் பிள்ளைகளை வெருட்டுவதை விட, எது ஏன் கூடாது என்று சொல்லிக்கொடுத்த வீடுகளையே நாங்கள் மெச்சுவோம்.

கடதாசி விளையாட்டு இன்னும் சிக்கல். ஆலிம்கள் அதை விரும்பியதே இல்லை, ஆனால் யாழ்ப்பாணத்தில் மழை நாளில் 304 அடிக்காத ஊர் இல்லை. முப்பத்திரண்டு கடதாசி, நாலு பேர். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. பெயரே கணக்குத்தான். ராசாவை விட ஜாக்கும் ஒன்பதும் பெரிது என்ற தலைகீழ் வரிசை எங்கிருந்து வந்தது? ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் ஆட்டத்தில் துரும்பு இனத்துக்கு இதே வரிசைதான். சீட்டுகளின் பழைய தமிழ்ப் பெயர்களைப் பாருங்கள்: கிளாவர், இஸ்கோப்பன், ஆடுதன், உருவிதன். ஒல்லாந்து மொழியில் கிளாவர், ஸ்கொப்பன், ஹார்ட்டன், ரௌட்டன். 1658இல் ஊர்காவற்றுறைக்கு எதிரே கடலுக்குள் நிற்கும் ஹமன்ஹீல் கோட்டையைப் பிடித்தவர்கள் போய் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அவர்களின் வரி போய்விட்டது. சீட்டுக்கு வைத்த பெயர் எங்கள் வாயில் தங்கிவிட்டது.

இரவானால் விளையாட்டை விடப் பெரியது படிப்பு. இஷாவுக்குப் பிறகு குப்பிவிளக்கைச் சுற்றிச் சீறாப்புராணம். உமறுப்புலவரின் 5027 பாட்டையும் ஒரு மாரியில் முடிக்க முடியாது, முடிக்க யாரும் அவசரப்படவும் இல்லை. ஒருவர் இசையோடு பாட்டைச் சொல்ல, இன்னொருவர் பொருள் சொல்வார். இந்த முறை சைவ அயலவரிடமும் அப்படியேதான். கந்தபுராண படனத்தில் ஒருவர் படிக்க ஒருவர் பயன் சொல்வார். கார்த்திகையில் தொடங்கி 21 நாள் அவர்கள் கோயில்களில் பிள்ளையார் கதை படிக்கும்போது எங்கள் பக்கத்தில் சீறா. மார்கழி பிறந்தால் ஊர்காவற்றுறைக் கத்தோலிக்க வீடுகளில் பாலன் பிறப்புக்கு ஆயத்தம். மூன்று பக்கமும் மழை ஒன்றுதான். முகியித்தீன் புராணம் பாடிய பதுறுத்தீன் புலவர் யாழ்ப்பாணத்தவர் என்பதையும் நம்மவர் பலர் மறந்துவிட்டார்கள்.

சிறுவர்களுக்கு நொடி. ஒருவர் நொடி போட, மற்றவர் விடுவிக்க வேண்டும். முடியாவிட்டால் ஊர் விட்டுக்கொடுக்க வேண்டும். இதே நொடிதான் இலக்கியமாக வளர்ந்து நூறு மசலா ஆனது. ஒரு அரசகுமாரி நூறு கேள்வி கேட்கிறாள், எல்லாவற்றுக்கும் விடை சொல்பவனையே மணப்பேன் என்கிறாள். கேள்வி கேட்பவள் பெண் என்பதால்தானோ என்னவோ, அந்தக் கதையை உம்மும்மாமார்தான் விரும்பிச் சொன்னார்கள். இஸ்லாமியத் தமிழில் முழுமையாகக் கிடைத்த மிகப் பழைய நூலான 1572ஆம் ஆண்டின் ஆயிர மசலாவும் கேள்வியும் பதிலும்தான்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஆண்கள் சும்மா இருந்த அந்த மாதங்களில் பெண்களின் கை சும்மா இருக்கவில்லை. கதை கேட்டுக்கொண்டே பாய், கடகம், நீற்றுப்பெட்டி, சுளகு எல்லாம் பனையோலையில் பின்னி முடிந்தன. ஒடியற் கூழுக்கு மா இடித்ததும் அவர்கள்தான். மீனும் நண்டும் பயற்றங்காயும் போட்டுக் காய்ச்சிய கூழைப் பிளாவில் ஊற்றிக் குடித்துவிட்டு, பொழுதுபோக்கு என்று பெயர் வைத்தது மற்றவர்கள்.

பிறகு 1990 வந்தது. அந்த ஆண்டு ஓகஸ்டில் தீவகம் இராணுவத்தின் கைக்குப் போனபோது தமிழ் அயலவர் பெரும்பாலோர் குடாநாட்டுக்குள் இடம்பெயர்ந்தார்கள். ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் கொடுத்தது இரண்டு மணி நேரம். வடக்கில் இருந்து ஏறக்குறைய 75 ஆயிரம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். மாரி தொடங்கும் நேரம் அது. நகை, உறுதி, உம்மாவின் மருந்து என்று தேடிய அந்த இரண்டு மணி நேரத்தில் பல்லாங்குழிப் பலகையையோ பூச்சி தின்ற சீறாப் பிரதியையோ யார் எடுப்பார்கள்? புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் அடுத்தடுத்த மாரிகள் வந்தன. அங்கே மண்ணில் குழி கிண்டினால் விளையாட்டு வந்துவிட்டது. சீறாவின் இசை அப்படி வரவில்லை. அதற்குச் சொல்பவரும் வேண்டும், பொருள் விரிப்பவரும் வேண்டும், சுற்றி இருந்து கேட்பவரும் வேண்டும். அவர்கள் பல முகாம்களுக்குச் சிதறிப்போனார்கள். இங்கே எஞ்சியிருந்த அயலவரோ மின்சாரம் இல்லாத அந்த ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவை மிதித்து றேடியோ கேட்டார்கள்.

திரும்பி வந்தவர்கள் குறைவு. வந்த வீடுகளிலும் பாட்டைப் பார்த்து வாசிக்கிறோம், பாடத் தெரியவில்லை. எழுத்துக் கூட்டி வாசிப்பதும் நல்லதுதான், ஆனால் அது வேறு.

இந்த மாரிக்குப் பாடசாலையில் மழை நாட்களில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கியிருக்கிறோம். புளியங்கொட்டை பிள்ளைகளே கொண்டுவருகிறார்கள், குழி நிலத்தில் சோக்கால் வட்டம். முதல் நாளே சண்டை: ஒரு பிள்ளையின் வீட்டு வழக்கப்படி நாலு சேர்ந்தால் பசு, இன்னொன்றின் வீட்டில் ஆறு. இரண்டையும் எழுதி வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் எத்தனை என்று பெரியவர்களிடம் கேட்டுப் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். சீறாவை இசையோடு சொல்லத் தெரிந்த ஒருவர், பத்துப் பாட்டு என்றாலும் சரி, உங்கள் உறவில் புத்தளத்திலோ நீர்கொழும்பிலோ இருந்தால் தொலைபேசியில் பதிவு செய்து தாருங்கள். நூறு மசலாவின் பழைய அச்சுப் பிரதி யாரிடமாவது இருந்தால் ஒரு கிழமைக்கு இரவல் வேண்டும். ஈரம் படாமல் திருப்பித் தருவோம், இன்ஷா அல்லாஹ்.