ஃபேபியன் ஆஃப் த யார்ட்

ஃபேபியன் ஆஃப் த யார்ட் என்பது பிபிசி 1954 நவம்பர் முதல் 1956 பிப்ரவரி வரை ஒளிபரப்பிய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் தொடர். ஸ்காட்லாந்து யார்டு அதிகாரி ராபர்ட் ஃபேபியனின் (1901–1978) பணி அனுபவங்களைத் தழுவியது. பிரித்தானியத் தொலைக்காட்சியின் தொடக்ககாலக் காவல்துறைத் தொடர்களுள் ஒன்று.

பின்னணி

ஃபேபியன் 1921இல் லண்டன் பெருநகரக் காவல்துறையில் சேர்ந்தார். 1939இல் பிக்கடில்லியில் ஐரிஷ் குடியரசுப் படை வைத்த வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்து மன்னரின் காவல் பதக்கம் பெற்றார். 1947இல் லண்டன் நகைக்கடைக் கொள்ளையரை மறித்த அலெக் டி ஆன்டிகிஸ் என்பவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளிகள் விட்டுச்சென்ற மழைக்கோட்டில் இருந்த விற்பனைச் சீட்டைப் பின்தொடர்ந்து ஃபேபியனின் குழு அவர்களைப் பிடித்தது. 1949இல் ஓய்வுபெற்ற அவர், மறு ஆண்டே தம் நினைவுகளை நூலாக வெளியிட்டார். தொடரின் பெயர் அந்நூலின் பெயரே.

அமைப்பு

புரூஸ் சீட்டன் ஃபேபியனாக நடித்தார். ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ அரை மணி நேரம். கைரேகை, தடயவியல் ஆய்வுக்கூடம், பொறுமையான விசாரணை ஆகியவற்றின் வழியே கதை நகரும். முடிவில் நடிகர் அமர்ந்திருந்த மேசையில் உண்மையான ஃபேபியனே தோன்றி, குற்றவாளி பின்னர் என்ன ஆனார் என்பதைச் சொல்வார்.

பிபிசி நாடகங்கள் பெரும்பாலும் அரங்கிலிருந்து நேரலையாக ஒளிபரப்பான காலத்தில், இத்தொடர் திரைப்படச் சுருளில் பதிவானது. அதனால் லண்டன் தெருக்களிலேயே படமெடுக்கவும், அமெரிக்காவுக்கு விற்கவும் முடிந்தது. சில பகுதிகளைத் தொகுத்துத் திரையரங்குகளிலும் வெளியிட்டனர். 1955இல் வந்த 'ஹேண்ட்கஃப்ஸ், லண்டன்' அவற்றுள் ஒன்று.

மதிப்பீடு

ஆவணப்பட நடையும் ஃபேபியனின் நேர்த் தோற்றமும் தொடருக்கு நம்பகத்தன்மை தந்தன. ஆயினும் வழக்குகள் விசாரித்தவரின் கோணத்திலேயே சொல்லப்பட்டன. திரையில் அரை மணி நேரத்தில் புதிர் அவிழ்ந்தாலும், அவர் பணி வாழ்வு முழுதும் அப்படி அமையவில்லை. 1945இல் வாரிக்‌ஷயரின் லோயர் குவின்டன் கிராமத்தில் முதிய பண்ணைத் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்ட வழக்கை ஃபேபியன் விசாரித்தும் துலக்க முடியவில்லை.

அடுத்து வந்த காவல்துறைத் தொடர்கள் கோணத்தை மாற்றின. 1955இல் தொடங்கிய 'டிக்சன் ஆஃப் டாக் கிரீன்' துப்பறிவாளரை விட்டுத் தெருக் காவலரை நாயகனாக்கியது. 1962இல் வந்த 'இசட் கார்ஸ்' காவலர்களின் குறைகளையும் திரைக்குக் கொண்டுவந்தது.