வலியோடு பாடிய பதிகம்: அப்பரும் திருவதிகையும்

போன வருஷம் ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு, சிறுநீரகக் கல் வலின்னா என்னன்னு தெரிஞ்சுக்கிட்டேன். தரையில உருண்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது அக்கா. ஒரு சொத்துத் தகராறுல ஏழெட்டு மாசமா நான் போன்கூட பண்ணாத அக்கா. ஊசி போட்டு வலி அடங்கினதும் எனக்கு ஞாபகம் வந்தவர் அப்பர். வயித்துவலி, திருநீறு, குணமாச்சு, சைவரானார். பள்ளிக்கூடத்துல படிச்ச அந்தக் கதையில எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் நாலாம் திருமுறையை எடுத்துப் படிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல பின்னணி. அப்பரின் காலம் 7ஆம் நூற்றாண்டு. சேக்கிழார் பெரியபுராணம் எழுதியது 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். நடுவில் 500 வருஷம். அவர் சொல்லும் கதை இது: திருவாமூரில் பெற்றோரை இழந்த பிள்ளைகள், திலகவதியும் மருணீக்கியும். திலகவதிக்கு நிச்சயித்த கலிப்பகையார் போரில் இறந்துபோகிறார். உயிரை விடத் துணிந்த திலகவதி, தம்பிக்காக வாழ்கிறார். தம்பியோ பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு தலைமை நிலைக்கு உயர்கிறார்.

அந்தப் பாடலிபுத்திரம் இன்றைய கடலூரின் திருப்பாதிரிப்புலியூர். சாதாரண இடமில்லை. லோகவிபாகம் என்ற சமண நூலின் மூலத்தைச் சர்வநந்தி பாடலிகை என்ற ஊரில், சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், காஞ்சி மன்னன் சிம்மவர்மன் காலத்தில் எழுதியதாக அந்த நூலே சொல்கிறது. பாடலிகை இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. அப்படியானால் அப்பர் போனபோது அங்கே சமணக் கல்விக்கு 150 வருஷத்துக்கும் மேற்பட்ட மரபு இருந்திருக்கிறது. அதை விட்டு வந்தவர் இழந்தது கொஞ்சமில்லை.

சூலை வந்து எந்த வைத்தியமும் பலிக்காதபோது அக்காவுக்கு ஆள் அனுப்புகிறார். திலகவதியார் சமணப் பள்ளிக்கு வர மறுக்கிறார். தம்பியே இருட்டோடு இருட்டாகக் கிளம்பித் திருவதிகை வருகிறார். அக்கா திருநீறு கொடுத்து, விடியலில் கோயிலைப் பெருக்கி மெழுகப் போகும்போது அவரையும் அழைத்துப் போகிறார். அங்கே பாடிய பதிகத்தால் நோய் தீர்ந்தது என்று சேக்கிழார் முடிக்கிறார்.

இது சைவர் ஒருவர் சைவர்களுக்குச் சொன்ன கதை. சமணர் தரப்பு இதில் இல்லை. அதனால் கதையைத் தள்ளி வைத்துவிட்டு, அப்பரின் பத்துப் பாட்டை மட்டும் படித்துப் பார்த்தேன். அதில் எங்கேயும் வலி தீரவில்லை! முதல் பாட்டில் குடல் முறுக்குது, தாங்கலைன்னு ஆரம்பிக்கிறார். நாலாம் பாட்டில் கிட்டத்தட்ட வாதாடுகிறார்: முன்னால அறியாம இருந்தேன், இப்ப உங்க ஆளாயிட்டேன், காப்பாத்துறது பெரியவங்க கடமை இல்லையா? பத்தாம் பாட்டிலும் வியர்த்து, புரண்டு, விழுந்து எழுந்து, வேதனையை விலக்குன்னுதான் கேட்கிறார்.

குணமான பிறகு வந்த நம்பிக்கைன்னு நான் இத்தனை வருஷம் நினைச்சிருந்தேன். பாட்டில் இருப்பது குணமாவதற்கு முன்னாலேயே வந்த நம்பிக்கை. குணமாகுமா என்ற உறுதி எதுவும் கையில் இல்லாதபோது வந்தது.

இன்னொரு இடம் என்னை நிறுத்தியது. ஆறாம் பாட்டில், பூசையையும் தமிழிசையையும் ஒருநாளும் மறந்ததில்லை என்கிறார். அத்தனை வருஷம் சமணராக இருந்தவர்! முதல்ல படிச்சப்போ, இதென்ன பொய்யின்னு தோணிச்சு. அப்புறம் அந்த ஆஸ்பத்திரி ராத்திரி நினைவுக்கு வந்தது. டிரிப்ஸ் இறங்கிட்டிருக்கும்போது, "உன்னை நான் மறக்கலக்கா"ன்னு சொன்னேன். அக்கா சிரிக்கல, அழவும் இல்ல. "தெரியும்டா. கல்லு வெளிய வரட்டும், மீதியை வீட்ல பேசிக்கலாம்"னாங்க.

நான் சொன்னது பொய் இல்லை. அவர் பாடினதும் பொய் இல்லைன்னு இப்ப நினைக்கிறேன்.

திருவதிகை பண்ருட்டிக்குப் பக்கத்துலதான், கெடில நதிக்கரையில். போனால் அந்தப் பத்துப் பாட்டையும் கடைசி வரைக்கும் படிங்க. நானும் அக்காவும் பலாப்பழ சீசன்ல போகலாம்னு இருக்கோம்.