ரகசிய ஏஜெண்ட்டும் திண்டுக்கல் ஓட்டும்

சீக்ரெட் ஏஜெண்ட் படம்னாலே பாதி காமெடிதான். ஒரு ஃபார்முலா, அதைத் திருட ஒரு வில்லன், நாலு நாடு, நாலு ஹீரோயின். ஹாலிவுட்காரங்களுக்கு இது சீக்கிரமே புரிஞ்சு போச்சு. முதல் ஜேம்ஸ்பாண்ட் படம் 'டாக்டர் நோ' வந்தது 1962ல. அஞ்சே வருஷத்துல, பீட்டர் செல்லர்ஸ், உட்டி ஆலனை எல்லாம் வெச்சு, பாண்டையே நக்கலடிச்சு 'கேசினோ ராயல்' எடுத்துட்டாங்க.

நம்மூர்லயும் ஏஜெண்ட்டுக்குப் பஞ்சமில்லை. 1966ல மாடர்ன் தியேட்டர்ஸ் 'வல்லவன் ஒருவன்'. ஜெய்சங்கருக்குத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்னே பேரு. 1968ல வாத்தியாரோட 'ரகசிய போலீஸ் 115'. தலைப்பிலேயே நம்பர்! ஆனா நம்ம ஹீரோக்களை முழுநீளத்துக்குக் கலாய்ச்ச சி.எஸ்.அமுதனோட 'தமிழ்ப்படம்' வர 2010 ஆகிடுச்சு. ஏன் இவ்வளவு லேட்டு?

என்னைக் கேட்டா, பதில் திண்டுக்கல்ல இருக்கு. ஆமாங்க, பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர்போன அதே திண்டுக்கல்தான்.

1972 அக்டோபர்ல எம்.ஜி.ஆர். திமுகவை விட்டு வெளிய வந்து அதிமுகவை ஆரம்பிச்சார். அடுத்த வருஷம் மே 11ந் தேதி 'உலகம் சுற்றும் வாலிபன்' ரிலீஸ். அவரே டைரக்‌ஷன், ரெட்டை வேஷம். மின்னலோட சக்தியைப் பிடிச்சு வெக்கற விஞ்ஞானி அண்ணன் முருகன், அவரைத் தேடிப் போற துப்பறியும் அதிகாரி தம்பி ராஜு, ஃபார்முலாவுக்கு அலையற அசோகன். ஒசாகா எக்ஸ்போ 70, ஹாங்காங், தாய்லாந்துன்னு சுத்துவாங்க. அக்மார்க் பாண்ட் படம்!

படம் வரவே வராதுன்னு ஆளுங்கட்சிப் பக்கம் பேச்சு. வந்தா சேலை கட்டிக்கறேன்னு மதுரை முத்து சவால் விட்டதா இன்னிக்கும் பெருசுங்க சொல்வாங்க. சென்னையில போஸ்டர் வரி ஏறவும், ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டினாங்க. அதாவது, திரையில ஃபார்முலாவைக் காப்பாத்தின ஹீரோ, வெளிய படப்பெட்டியைக் காப்பாத்த வேண்டியிருந்தது :-)

ஒன்பதே நாள் கழிச்சு, மே 20ல திண்டுக்கல் பார்லிமெண்ட் இடைத்தேர்தல். புதுக்கட்சிக்கு முதல் பெரிய பரீட்சை. இரட்டை இலைச் சின்னத்துல அதிமுக நின்னதும் இங்கதான் முதல்ல. மாயத்தேவர் லட்சம் ஓட்டுக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சார். ஸ்தாபன காங்கிரஸ் ரெண்டாவது. ஆளுங்கட்சியான திமுக மூணாவது!

படத்தாலதான் ஜெயிச்சார்னு நான் சொல்ல வரலை. கட்சி பிளந்த கோபம் இருந்தது, சூறாவளிப் பிரச்சாரம் இருந்தது. ஆனா அந்த மே மாசம் தியேட்டர்ல விசிலடிச்ச ஆளும், கொடி பிடிச்ச ஆளும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். அந்த ஏஜெண்ட்டைப் பார்த்து நக்கலா சிரிச்சா, அது ஒரு கட்சியையே பார்த்துச் சிரிச்ச மாதிரி. எந்தத் தயாரிப்பாளர் துணிவார்? அதனால சிரிப்பையெல்லாம் நாகேஷ், தேங்காய் சீனிவாசன் பக்கம் தள்ளிட்டு, ஹீரோவை மட்டும் யாரும் தொடலை.

பாண்ட் எந்தத் தொகுதியிலயும் நிக்கலை, பிரிட்டிஷ்காரன் தைரியமா சிரிச்சான். நம்ம ஏஜெண்ட் 1977ல முதல்வராவே ஆயிட்டார்.

வேற காரணம் தோணுச்சுன்னா சொல்லுங்க மக்கா. திண்டுக்கல்காரங்க யாராவது வீட்ல பெரியவங்ககிட்ட அந்த மே மாசத்தைப் பத்திக் கேட்டு எழுதினா இன்னும் சந்தோஷம்.