அடையாற்றில் மாண்டிசோரியும் பரிசு பற்றிய வழக்கும்

பிள்ளைகளின் பெயர்களை வரிசையாக எழுதி, நற்செயல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ண நட்சத்திரம் ஒட்டும் அட்டவணையைத் தியாகராய நகரிலோ மயிலாப்பூரிலோ மழலையர் வகுப்பறைச் சுவரில் காணாத பெற்றோர் இன்று குறைவு. நம் மக்தபுகள் சிலவற்றிலும் அது இடம்பிடித்துவிட்டது. மாண்டிசோரி எனப் பெயர்ப்பலகை தாங்கிய பள்ளிகளிலும் அது தொங்கக் கண்டிருக்கிறேன். அவ்வம்மையாரோ இதே மாநகரின் அடையாற்றில் தங்கிப் பாடம் நடத்தியவர். பரிசு முறையை ஏற்காதவர்.

நற்செயலை எண்ணிப் பரிசளிப்பது புதிய வழக்கமன்று. எழும்பூர் ஆண் அநாதை இல்லப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையை 1797இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். அதையொத்த முறையில் லண்டனில் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டர், நன்கு பயின்றவனுக்குச் சீட்டு வழங்கி, சீட்டுகள் சேர்ந்ததும் பரிசளித்தார். தவறிழைத்தவனைக் கூடையிலிட்டுக் கூரையில் தொங்கவிட்டவரும் அவரே.

மரியா மாண்டிசோரி இவ்விரண்டையும் ஒருசேர விலக்கினார். ரோமில் 1907இல் தம் முதல் பள்ளியைத் திறந்த அவர், 1909இல் வெளிவந்த தம் நூலில் ஒரு நிகழ்ச்சியைக் குறித்துள்ளார். ஒரு சிறுவனுக்கு வெண்ணாடாவில் கோத்த வெள்ளிப் பதக்கம் அணிவிக்கப்பட்டிருந்தது. மற்றொருவன் தண்டனையாக நடுக்கூடத்து நாற்காலியில் அமர்த்தப்பட்டிருந்தான். பதக்கம் பெற்றவன் ஏதோ பொருள்களைச் சுமந்து இங்குமங்கும் போய்வந்துகொண்டிருந்தான். பதக்கம் கழன்று விழுந்தது, அவன் பொருட்படுத்தவில்லை. தண்டனை பெற்றவன் அதை எடுத்துக் காட்டியபோதும், வேண்டுமானால் நீயே அணிந்துகொள் என்ற பாவனையில் தன் வேலைக்குத் திரும்பிவிட்டான். நாற்காலிக்காரன் பதக்கத்தை மார்பில் சூடி நிறைவோடு சாய்ந்துகொண்டான்! செயலில் ஆழ்ந்த பிள்ளைக்குப் பதக்கம் இடையூறு. செயலற்றிருக்கும் பிள்ளைக்கே அது ஆறுதல் என்பது அம்மையார் கண்ட முடிவு. இந்நூலின் விரிவாக்கப்பட்ட வடிவத்தை 1948இல் அடையாறு கலாக்ஷேத்திரா வெளியிட்டது.

பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, 1939 நவம்பரில் தம் மகன் மாரியோவுடன் அவர் அடையாறு வந்தார். முதல் பயிற்சிக்கே முந்நூறு பேருக்குமேல் திரண்டனர். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு மகனை முகாமில் அடைத்தது; தாய் சபை வளாகத்தைவிட்டு வெளியேற இயலாதவரானார். அவ்வாண்டு ஆகஸ்ட் 31 அவருடைய எழுபதாம் பிறந்த நாள். அதற்குரிய பரிசாகவே அரசு மாரியோவை விடுவித்தது. பரிசுகளை மறுத்தவர் மறுக்காத பரிசு அது.

நம் மரபின் நிலை வேறு. ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், இஹ்யாவின் மூன்றாம் பாகத்தில் பிள்ளைப் பயிற்சி பற்றி விளக்குமிடத்து, குழந்தையிடம் நற்குணம் வெளிப்பட்டால் அதைக் கண்ணியப்படுத்தி, மகிழ்வூட்டும் பொருளளித்து, மக்கள் முன் பாராட்டவும் வேண்டும் என்கிறார்கள். இவ்வளவை மட்டும் படிப்போர் நட்சத்திர அட்டவணைக்கு ஆதாரம் கிடைத்ததென எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே வாதிட்டவன்தான். ஆயின் அதையடுத்து வரும் பகுதி இன்றியமையாதது. குழந்தை எப்போதேனும் தவறினால் காணாததுபோல் இருந்துவிட வேண்டும். அது தன் தவறை மறைக்க முயலும்போது திரையைக் கிழிக்கவே கூடாது. மீண்டும் தவறினால் தனிமையில் கண்டிக்க வேண்டும் என்பது இமாமவர்களின் அறிவுரை. பாராட்டு வெளிப்படை, குறை மறைவு. சுவர் அட்டவணையோ இரண்டையும் ஒரே தாளில் விரித்துவிடுகிறது. ஒட்டிய நட்சத்திரத்தைவிட ஒட்டப்படாத கட்டமே உரத்துப் பேசுகிறது. மாண்டிசோரி அம்மையாரோடு பரிசு பற்றி இமாமவர்கள் உடன்பட்டிருக்க மாட்டார்கள். ஒரு பிள்ளையை எல்லோரும் காண நாற்காலியில் அமர்த்துவதை இருவருமே ஏற்றிருக்க மாட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு மக்தபுக்குப் பிள்ளைகளின் ஓதலைச் செவிமடுக்கச் சென்றிருந்தேன். சுவரில் அட்டவணை, பிள்ளைகளுக்கு எட்டட்டும் எனத் தாழ்வாகவே ஒட்டியிருந்தார்கள். ஆறு வயதிருக்கும் ஒரு சிறுவன் மட்டும் வட்டத்தில் சேராமல் சுவரோரம் முதுகைச் சாய்த்து அமர்ந்திருந்தான். அது அவன் வழக்கமான இடம் என்றார் உஸ்தாது. ஓத அழைத்தபோது அவன் எழுந்தான். முதுகு மறைத்திருந்த இடத்தில் ஒரு பெயரும் அதன் நேரே வெறுங்கட்டங்களும் தெரிந்தன.