தோட்டத்தில் எரிந்த ஓவியங்கள்

ஓர் ஓவியர். இருபது வருஷத்துக்கு மேல் வரைந்தவர். படங்களும் விற்றுக்கொண்டுதான் இருந்தன. 1920-களின் தொடக்கத்தில் ஒருநாள், கையிலிருந்த கேன்வாஸ்களை எல்லாம் தோட்டத்துக்கு இழுத்து வந்து மொத்தமாகக் கொளுத்திவிட்டார். நீங்களாக இருந்தால் செய்வீர்களா?

செய்தவர் எட்வர்ட் ஸ்டைகன். லக்ஸம்பர்க்கில் பிறந்து (1879), குழந்தையிலேயே அமெரிக்கா போனவர். கொளுத்தியது பிரான்ஸில், பாரீஸுக்கு வெளியே ஒரு கிராமத்து வீட்டில். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையின் வான்வழிப் புகைப்படப் பிரிவில் அதிகாரி. திரும்பிவந்த மனுஷனுக்கு ஓவியம் கசந்துவிட்டது. தங்க ஃப்ரேம் போட்டுப் பணக்காரர் வீட்டுச் சுவரில் மாட்டத்தானா இவ்வளவு பாடு? இனி கேமராதான்! வெள்ளைக் கப் அண்ட் சாஸர் ஒன்றையே ஆயிரம் தடவைக்கு மேல் படமெடுத்துப் பழகினார். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே எத்தனை சாம்பல் நிறம் உண்டு என்று பிடிபட வேண்டுமே!

1923-ல் 'வோக்', 'வேனிட்டி ஃபேர்' பத்திரிகைகளில் வேலை. நண்பர் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ் போன்ற கலைத் தூய்மைவாதிகள் முகம் சுளித்தார்கள். சம்பளத்துக்குப் படமெடுப்பவன் கலைஞனா என்ற பழைய சண்டை.

1924. ஊமைப்பட ராணி குளோரியா ஸ்வான்ஸன் வருகிறார். உடை மாற்றி மாற்றி, லைட்டை மாற்றி மாற்றி நீண்ட நேரம் எடுக்கிறார்கள். கடைசியில் ஸ்டைகன் ஒரு கறுப்பு லேஸ் துணியை நடிகையின் முகத்துக்கு முன்னால் தொங்கவிடுகிறார். க்ளிக்!

அந்தப் படம் கிடைத்தால் உற்றுப் பாருங்கள். லேஸின் பூவும் கொடியும் முகத்தின் மேலேயே வரைந்த மாதிரி இருக்கும். பின்னாலிருந்து இரண்டு கண்கள் நம்மை விட்டு நகராது. எனக்கென்னவோ, அந்த ஓவியரை அவரால் கொளுத்த முடியவில்லை என்றுதான் படுகிறது.

1928-ல் கிரேட்டா கார்போ. ஷூட்டிங் இடைவேளையில் சில நிமிஷங்களே கிடைத்தன. 'இந்த சினிமாத் தலையலங்காரம் கெடுக்கிறதே' என்று ஸ்டைகன் அலுத்துக்கொள்ள, கார்போ இரண்டு கையாலும் முடியை அழுத்திப் பின்னுக்குத் தள்ளினார். மிஞ்சியது வெறும் முகம். அதுதான் படம்!

எங்கள் காமர்ஸ் புத்தியில் ஒரு கணக்கு. நியூயார்க்கின் ஃப்ளாட்அயர்ன் கட்டடத்தை ஸ்டைகன் 1904-ல் எடுத்த படம், 2022-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் சுமார் 1 கோடியே 18 லட்சம் டாலருக்குப் போனது. போட்டோவின் மேல் அவரே ஓவியர் மாதிரி நிறமேற்றிய பிரதி அது. ஸ்வான்ஸன் படமோ 1928-ல் 'வேனிட்டி ஃபேர்' இதழில் அச்சாகி, அதை வாங்கியவர்கள் வீட்டு மேஜையில் எல்லாம் கிடந்தது.